எல்லாச் சாவியும் தொலைந்தால் கார் என்ன ஆகும்? வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்



நம்மில் பலருக்கும் கிட்டங்கிக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டே பழக்கம். சாவி தொலைந்தால் பூட்டை அறுத்து எறிந்துவிட்டு வேறு பூட்டு வாங்கிப் போடுவோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, வியாபாரம் நடக்கும். கார் சாவியும் அப்படித்தான் என்று நாமும் நினைத்திருந்தோம். அது தவறு என்பதை 2022ஆம் ஆண்டு திருச்செந்தூர் கடற்கரையில் இரண்டு நாள் காத்துக்கிடந்து தெரிந்துகொண்டோம். நாம் பட்ட பாடு நம் உறுப்பினர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விருதுநகரிலிருந்து குடும்பத்தோடு சுவாமி தரிசனத்துக்குப் போயிருந்தோம். டிரைவர் தம்பிக்கு உடன்குடி சொந்த ஊர். வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, தன்னிடமிருந்த சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார். நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாவி உண்டு. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டினோம். அதே வளையத்தில் கிட்டங்கிச் சாவியும், கடைப் பெயரும் போன் நம்பரும் பொறித்த பித்தளை வில்லையும் இருந்தன. வேட்டி மடியில் முடிந்துகொண்டு கடலில் இறங்கினோம். கரையேறியபோது மடியில் ஒன்றும் இல்லை.

சாவிகள் கடலோடு போயிருந்தால் செலவு மட்டும்தான் மிச்சம். கரையில் விழுந்து யார் கையிலாவது கிடைத்திருந்தால்? கடைப் பெயர் அதிலேயே இருக்கிறது. உடனே மகனுக்குப் போன் செய்தோம். அவர் அரை மணி நேரத்தில் கிட்டங்கிப் பூட்டை மாற்றிவிட்டார். கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

உள்ளூர்க்காரர் ஒருவர் ஓர் ஆளை அழைத்து வந்தார். அவர் நம்மிடம் ஆர்.சி. புத்தகம் கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. கதவுப் பூட்டுக்குள் ஒரு கருவியை விட்டுக் கணக்கெடுத்து, ஒரு மணி நேரத்தில் சாவி வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, ஸ்டியரிங் விடுபட்டது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. டேஷ் போர்டில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஒரு மெஷினை மாட்டி ஏதேதோ நம்பர்களைப் போட்டுப் பார்த்தார். மூன்று முறை தப்பானதும் வண்டி பூட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயன்றார், மறுபடியும் பூட்டிக்கொண்டது. இப்படியே பொழுது சாய்ந்தது, பாட்டரியும் இறங்கியது. கை விரித்துவிட்டுப் போய்விட்டார். குடும்பத்தை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அன்று இரவு நாமும் டிரைவர் தம்பியும் காருக்குள்ளேயே படுத்துக் காவல் இருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஒரு சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்தோம். வண்டியைக் கொண்டுவந்து விட வேண்டும், பூட்டு செட் முழுவதும் மாற்ற வேண்டும், கம்பெனியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும், 38,000 ரூபாய் ஆகலாம் என்றார்கள். பிற்பகலில் தெரிந்தவர் மூலம் தூத்துக்குடியிலிருந்து ஒரு சாவிக் கலைஞர் வந்தார். அவர் மெஷினை எடுக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, வண்டி யார் பேர்ல இருக்கு?"

வண்டி நம் கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. "அப்போ நீங்க அந்தக் கடையோட பார்ட்னர்தான்னு காட்டுங்க, கடை லெட்டர் பேடுல சீல் போட்டு ஒரு கடிதம் வேணும்" என்றார். இரவெல்லாம் தூங்காத நமக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மைப் பார்த்தால் கார் திருடுகிறவனைப் போலவா இருக்கிறது என்று கேட்டே விட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "கேக்காம செஞ்சு கொடுக்கிறவன்கிட்டத்தான் அண்ணாச்சி நீங்க கோபப்படணும்" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. மகன் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும் கடிதத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆதாரைக் காட்டினோம். அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் இரண்டு சாவிகளோடு வண்டி கிளம்பியது. நாம் கொடுத்தது 9,500 ரூபாய்.

வேலை நடக்கும்போது அவர் சொன்னதையும், பிறகு நாம் விசாரித்து அறிந்ததையும் கீழே தொகுத்துத் தருகிறோம்.

சாவிக்குள் இருப்பது என்ன?

இன்றைய கார் சாவியில் இரண்டு, சிலவற்றில் மூன்று பொருள்கள் உண்டு. முதலாவது உலோகத் தகடு. இது கதவையும் ஸ்டியரிங்கையும் திறக்கும். இரண்டாவது, பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் அரிசி மணி போன்ற சிறு சிப். இன்ஜினை ஓட விடுவது இதுதான். மூன்றாவது ரிமோட். கதவைத் தூரத்திலிருந்து திறக்க உதவும். இந்தியாவில் பெரும்பாலும் 433 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது.

ரிமோட்டுக்கு பாட்டரி வேண்டும், சிப்புக்கு வேண்டாம். சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அந்தச் சுருள் 125 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் மட்டுமே இன்ஜின் கம்ப்யூட்டர் எரிபொருளையும் தீப்பொறியையும் அனுமதிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ரிமோட் பாட்டரி தீர்ந்தாலும் சாவி போட்டு வண்டி ஓட்ட முடிவது இதனால்தான்.

பழைய சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும். அதைக் கேட்டு இன்னொரு சிப்பில் எழுதிவிடலாம். பிற்காலத்துச் சிப்புகள் அப்படியல்ல. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுற்றி நிற்பவன் துண்டைத்தான் பார்ப்பான், விலை அவனுக்குத் தெரியாது. அதுபோல, கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கேட்கும். சிப் தன்னிடமுள்ள ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். நேற்றைய விடை இன்றைக்குச் செல்லாது. ஒட்டுக்கேட்பவனுக்குப் பயன் இல்லை.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் கார்வெட் காரில் சாவித் தகட்டிலேயே ஒரு சிறு மின்தடையைப் பதித்தார்கள். 15 விதமான அளவுகள் இருந்தன. தப்பான அளவு வந்தால் வண்டி கிளம்பாது. பிறகு சிப் வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1998 முதல் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசர் கட்டாயமானது. நம் நாட்டிலும் பின்னர் பரவியது. மாருதி நிறுவனம் இதற்கு ஐ-கேட்ஸ் என்று பெயர் வைத்தது. இதுவும் உடைக்கவே முடியாத பூட்டு அல்ல. 2005ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்பட்ட ஒரு சிப்பின் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். இருந்தாலும் கம்பியை இணைத்து வண்டியைக் கிளப்பும் சாதாரணத் திருடனுக்கு இது பெரிய தடைதான்.

ஒரு சாவி இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் வேறுபாடு

கையில் ஒரு சாவி இருந்தால், வண்டி நம்மை உரிமையாளர் என்று ஒப்புக்கொள்கிறது. அதை வைத்து இரண்டாவது சாவியைச் சேர்ப்பது எளிது, செலவும் குறைவு. எல்லாச் சாவியும் போய்விட்டால் வண்டிக்கு நாமும் திருடனும் ஒன்றே. நாம் உரிமையாளர் என்பதை வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் நேரமும் செலவும் பெருகுகின்றன. வேலை நடக்கும் வரிசை இது:

1. தகடு வெட்டுதல். வண்டி வாங்கும்போது பல கம்பெனிகள் சாவியோடு எண் பொறித்த ஒரு சிறு வில்லையைத் தருவார்கள். அந்த எண் இருந்தால் பூட்டைத் தொடாமலே மெஷினில் சாவி வெட்டலாம். இல்லாவிட்டால் கதவுப் பூட்டின் உள்ளமைப்பைக் கருவியால் அளந்து வெட்ட வேண்டும். கண்ணாடியை உடைக்க வேண்டிய அவசியம் ஏற்படுவதே அரிது.

2. பாட்டரியைத் தாங்கிக்கொள்ளுதல். வேலை நடக்கும்போது மின் அழுத்தம் இறங்கினால் கம்ப்யூட்டரில் எழுதுவது பாதியில் நின்று பெட்டியே கெட்டுப்போகலாம். நல்ல வேலைக்காரர் முதலில் வெளியிலிருந்து வேறு பாட்டரியை இணைப்பார். தூத்துக்குடிக்காரர் செய்தது அதுதான். முதல் நாள் வந்தவர் செய்யாததும் அதுதான்.

3. ரகசிய எண் பெறுதல். பல வண்டிகளுக்கு ஒரு பாதுகாப்பு எண் உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனி வழியாக அதைப் பெற வேண்டும். ஊகித்துப் போடக்கூடாது. நம் வண்டி போன்ற சிலவற்றில் மூன்று முறை தவறினால் ஒரு மணி நேரம் எந்த எண்ணையும் ஏற்காது.

4. பதிவு செய்தல். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மெஷினை மாட்டி, புதிய சிப்புகளை வண்டியின் நினைவில் எழுதுவார்கள். சில வண்டிகள் வேண்டுமென்றே காக்க வைக்கும். ஃபோர்டு கார்கள் பலவற்றில் சுமார் 10 நிமிடமும், டொயோட்டா கார்கள் பலவற்றில் சுமார் 16 நிமிடமும் காத்திருக்க வேண்டும். திருடனுக்கு நேரம்தான் பகை என்பதால் இந்த ஏற்பாடு. ஃபோர்டில் பழைய சாவிகளை அழித்தால், குறைந்தது இரண்டு புதிய சாவிகளைப் பதிந்தால்தான் வண்டி கிளம்பும். 2021இல் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் வண்டிகள் இன்னும் நம் ஊர்களில் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்க.

5. பழைய சாவிகளை அழித்தல். மிக முக்கியமானது இதுதான். தொலைந்த சாவியின் சிப் எண்ணை நினைவிலிருந்து நீக்கிவிட்டால், அது எவன் கையில் கிடைத்தாலும் வண்டி கிளம்பாது. மெஷினில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று காட்டும் வண்டிகளில் அதை நம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வண்டியில் 2 என்று காட்டிய பிறகுதான் பணம் கொடுத்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிப்பை அழித்தாலும், பழைய தகடு கதவை இன்னும் திறக்கும். எனவே வசூல் பணத்தையும் செக் புத்தகத்தையும் வண்டியில் விட்டுவைக்கக் கூடாது. சாவி திருட்டுப் போனது என்று உறுதியானால் பூட்டு உருளைகளையும் மாற்றிவிடுவது நல்லது.

எல்லா வண்டிக்கும் ஒரே வழி இல்லை

பழைய சரக்கு வண்டிகள் பலவற்றில் சிப் கிடையாது. தகடு வெட்டினாலே ஓடும். சாதாரணக் கார்களுக்கு அனுபவமுள்ள வெளி ஆட்களே போதும். பென்ஸ் போன்ற உயர் ரக வண்டிகளுக்குக் கம்பெனியில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சாவி வரவழைப்பதுதான் நேரான வழி. வோக்ஸ்வாகன், ஆடி கார்களின் பிற்கால மாடல்களில் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு நேரடித் தொடர்பு ஏற்படுத்தித்தான் சாவியைப் பதிய முடியும்.

பட்டன் அழுத்திக் கிளப்பும் வண்டிகளில் சாவி தொலையாமலே தொலைந்ததுபோல் ஆகும். பாட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ரிமோட்டுக்குள் ஓர் உலோகச் சாவி மறைந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மீது ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். சிலவற்றில் வைக்க வேண்டிய இடம் மாறும். வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும்.

வண்டியை எடுத்துச் சென்றே ஆக வேண்டுமானால், கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டியிருக்கும், சக்கரம் திரும்பாது. வண்டியை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.

காவல் நிலையம், இன்சூரன்ஸ், கணக்கு

சாவி தொலைந்தவுடன் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். சர்வீஸ் நிலையத்தில் கேட்பார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நாளை வண்டி திருட்டுப் போனால், இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியின் சாவிகள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று குறைந்தாலும் எங்கே என்று கேள்வி வரும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போன அஜாக்கிரதை என்று சொல்லி, கிளெய்மில் தகராறு செய்ய இடம் உண்டு. சாவி தொலைந்த அன்றே எழுத்து மூலம் தெரிவித்து, அந்த நகலையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் புதிய சாவிக்கான பில்லையும் பாலிசியோடு சேர்த்து வைத்திருந்தால் நம் பக்கம் வலுவாக இருக்கும். நாம் ஒரு வாரம் தாமதமாகத்தான் கடிதம் கொடுத்தோம். அது நம் தவறு.

சாவி மாற்றும் செலவுக்கென்றே தனிக் காப்பீட்டுச் சேர்க்கை உண்டு. சிறு பிரீமியத்தில் கிடைக்கும். புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

ஆர்.சி. புத்தகம் வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் கலங்க வேண்டாம். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள ஆர்.சி.யை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இன்றே செல்போனில் போட்டு வையுங்கள்.

பில்லை நிறுவனத்தின் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்குங்கள். சரக்கு வண்டிக்கான பழுது வேலைக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்குப் பொதுவாக எடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5) அதைத் தடுக்கிறது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க.

உறுப்பினர்கள் இன்றே செய்ய வேண்டியவை

ஒன்று: இரண்டு சாவிகளை ஒருபோதும் ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள். ஒன்று கையில், ஒன்று கடைப் பெட்டகத்தில். வெளியூர்ப் பயணத்திலும் இதே விதிதான்.

இரண்டு: சாவி வளையத்தில் கடைப் பெயர், முகவரி வேண்டாம். கிட்டங்கிச் சாவியும் வேண்டாம்.

மூன்று: எண் வில்லையையும் பாதுகாப்பு எண் அட்டையையும் வண்டிக்குள் வைக்காமல் பெட்டகத்தில் வையுங்கள்.

நான்கு: ஒரு சாவி தொலைந்ததுமே இன்னொன்று செய்துகொள்ளுங்கள். இன்னொன்றுதான் இருக்கிறதே என்று நாள் கடத்தினால், அதுவும் போகும் நாளில் செலவு பல மடங்கு.

ஐந்து: வேலையை விட்டுச் செல்லும் டிரைவரிடம் சாவியை வாங்கிக் கொள்வதோடு, பேரேட்டில் கையெழுத்தும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். யார் மீதும் பழி சொல்லாமல் பிரச்சினை தீரும்.

ஆறு: பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேளுங்கள். ஒன்றுதான் தருகிறார்கள் என்றால் விலையில் குறையுங்கள். வாங்கியதும் பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள். இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஏழு: வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால், பங்குதாரர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் அதிகாரக் கடிதம் தயாராக வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. திருச்செந்தூரில் நமக்கு முதலில் உதவ வந்தவர் கெட்டவர் அல்ல, தெரியாதவர் என்றே நினைக்கிறோம். ஆனால் யார் எவர் என்று கேட்காமல் நம் காருக்கு ஒரு மணி நேரத்தில் சாவி வெட்டிக் கொடுத்தவர், வேறொருவன் வந்து நின்றாலும் அப்படியே வெட்டிக் கொடுத்திருப்பார். நம் கடையிலும் கடன் கேட்டு வரும் புதியவரிடம் நாம் நாலு கேள்வி கேட்கிறோம். நல்ல வாடிக்கையாளர் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. சாவிக்காரர் கேட்கும் கேள்விக்கும் நாம் கோபப்படாமல் காகிதத்தை எடுத்து நீட்டுவோம். அந்த வளையம் இன்றுவரை திரும்பி வரவில்லை. எங்கே கிடந்தாலும் அதிலுள்ள மூன்று சாவிகளில் எதனாலும் இனி நம் கிட்டங்கியைத் திறக்கவோ, காரைக் கிளப்பவோ முடியாது. அந்த நிம்மதிக்கு 9,500 ரூபாய் கொடுத்தது நமக்கு நஷ்டமாகத் தோன்றவில்லை.